பத்து லிட்டருக்கு ஒரு மூடி

அவர் கார்க் கதவைச் சாத்துகிற சத்தத்தை யாரும் கேட்டிருக்க முடியாது. கதவை மெல்லக் கொண்டுவந்து சட்டத்தோடு ஒட்டவைப்பார். பிறகு உள்ளங்கையால் ஓர் அழுத்து. அவ்வளவுதான். பின்சீட்டில் இருக்கும் நாங்கள் எங்கள் பக்கத்துக் கதவை அடித்துச் சாத்தினால் திட்ட மாட்டார். யாரோ தன் முதுகில் தட்டியது போல முகத்தை மட்டும் லேசாகச் சுளிப்பார். நாலு நாள் அந்த முகத்தைப் பார்த்தால் ஐந்தாம் நாள் நாமும் கதவை ஒட்டவைக்கப் பழகிவிடுவோம்.

ஆத்தூர்ப் பக்கம் இருந்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவர் வேதியியல் ஆசிரியர். நான் அங்கே கணக்கு டீச்சர். திண்டுக்கல்லில் இருந்து தினமும் போய்வருகிற நாங்கள் இரண்டு மூன்று பேர் அவருடைய பழைய பெட்ரோல் காரில்தான் போவோம். பஸ்ஸில் நசுங்கிப் போவதற்கு அது எவ்வளவோ மேல் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். காரில் இருந்த அந்துருண்டை வாசம் சேலையில் ஏறி, துவைத்தாலும் போகாமல் பீரோவில் இருக்கிற மற்றச் சேலைகளுக்கும் தொற்றிய பிறகு அப்படி நினைக்கவில்லை. பிள்ளைகள் அவருக்கு 'அந்துருண்டை' என்றே பேர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். வகுப்பில் எவனாவது மெதுவாக அந்தப் பேரைச் சொன்னால், அதன் வேதியியல் பேர் நாப்தலின் என்று சொல்லி, சூத்திரத்தையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடர்வார்.

அவர் கையில் சாக்பீஸ் உடைந்து நான் பார்த்ததில்லை. பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் வருடத்துக்கு ஒரு டஜன் உடைவது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். எங்கள் பள்ளியில் அவர் சேர்ந்தபோது வாங்கியவையே கடைசிவரை இருந்தன. டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்போதுகூடச் சத்தம் வராது. இப்படி ஒரு மனுஷனோடு தினமும் இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் செய்கிற எல்லாமே முரட்டுத்தனமாகத் தெரியும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் வெடுக்கென்று செய்கிற குணம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் என் கைப்பையின் ஜிப்பை இழுக்கக்கூட யோசனையாக இருக்கும்.

கார் ஓட்டுவதும் அப்படித்தான். டவுன் தாண்டிய பிறகும் முள் நாற்பதைத் தொடாது. பின்னால் வரும் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே வருவான். பால்கேன் கட்டிய டி.வி.எஸ்.காரர்கள் எங்களை முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ரயில்வே கேட் மூடியிருப்பது தூரத்தில் தெரிந்தாலே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக உருண்டு உருண்டு, கேட்டுக்குப் பத்தடி முன்னால், யாரோ கைபிடித்து நிறுத்தியது மாதிரி நிற்கும். ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல், பிரேக்கை எதற்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பிரேக்குன்னா என்ன டீச்சர்? எரிச்ச பெட்ரோல தேச்சு, சூடாக்கி, காத்துல விடுறது. நாம முன்னாடியே பாத்து வந்தா அது எதுக்கு" என்றார்.

அந்த வாசத்துக்குக் காரணம் அவர் பெட்ரோலில் கலக்கும் மருந்து. மருந்து என்றுதான் சொல்வார். அசிட்டோன், அதில் கரைத்த அந்துருண்டைப் பொடி, சில துளி விளக்கெண்ணெய். இன்னும் ஏதோ ஒன்று உண்டு, அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக் கொல்லைப்புறத்தில் அடுப்பில் இருந்து தள்ளி ஒரு மேசை போட்டு, சனிக்கிழமை மதியங்களில் கலப்பார். இளம் மஞ்சள் நிறத்தில், பார்க்க எண்ணெய் மாதிரி இருக்கும். பத்து லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு மூடி. பெட்ரோல் முழுசாக எரியாமல் புகையாகப் போவதைத் தடுத்து, லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டராவது கூடுதலாகக் கொடுக்கும் என்பது அவர் சித்தாந்தம். எட்டு வருடமாகக் கலவையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாடல் கார் யாரிடம் இருந்தாலும் லிட்டருக்கு ஒன்பது, பத்துக்கு மேல் தராது என்பார்கள். இவருக்குப் பதின்மூன்று கொடுத்தது. அது பொய்யில்லை, நானே பின்னால் அளந்து பார்த்தேன். ஆனாலும் அவர் மருந்தை யாருக்கும் விற்கவில்லை. பெட்ரோல் பங்குக்காரர் ஒருவர் கேட்டும் கொடுக்கவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

"என் வண்டியில ஓடுனா அது என் நம்பிக்கை டீச்சர். இன்னொருத்தர் வண்டியில, இன்னொருத்தர் ஓட்டி, அதே கணக்கு வந்தாத்தான் அது உண்மை."

அந்த இன்னொருத்தருக்காக அவர் காத்திருந்தார். வேறு எதற்கும் அவசரப்படாத மனுஷன், இதற்கு மட்டும் உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. என் தம்பியை அவரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்.

தம்பி கொடைரோடு ஸ்டேஷனில் டாக்ஸி ஓட்டினான். ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் கொடைக்கானலுக்கு ஏற்றிப் போகிற வேலை. ஸ்டாண்டில் இருந்த மற்றவர்கள் எல்லாம் டீசல் வண்டி. இவன் மட்டும் எவரோ எஸ்டேட்காரர் கழித்துவிட்ட பெட்ரோல் காரை வாங்கி வைத்திருந்தான். மலை ஏறி இறங்கி வந்தால் கையில் கிடைத்ததில் முக்கால்வாசி பெட்ரோலுக்கே போய்விடும். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் காரை ஒரு குடிகாரப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவான். விற்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆனாலும் எடுத்த எடுப்பில் அவனிடம் மருந்தைக் கொடுக்க நான் விடவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா. முதலில் நான் அளந்து பார்க்க வேண்டும் என்றேன். சாருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஒரு லிட்டர் கேனின் அடியில் துளை போட்டு டியூப் மாட்டினார். டாங்கியில் இருந்து வரும் இணைப்பைக் கழற்றிவிட்டு, கேனைப் பானெட்டுக்குள் கட்டிவைத்தார். அந்த ஒரு லிட்டர் தீர்ந்ததும் வண்டி நின்றுவிடும். நின்ற இடம்தான் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து, பேகம்பூர் தாண்டி ஒரு மைல்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் கிளம்பினோம். முதலில் மருந்தில்லாமல். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். சின்னாளப்பட்டி விலக்கு வருவதற்கு முன்பே கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பதினொன்று.

அது ஆடி மாசம். எதிரே அடித்த காற்றில் ரோட்டோரத் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தன. இறங்கி நின்றபோது என் நோட்டுத் தாளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இன்னிக்குக் காத்து எதுத்து அடிக்குது டீச்சர். அதையும் ஓரமா எழுதிக்கங்க" என்றார்.

காற்றையெல்லாம் எப்படி எழுதுவது, எத்தனை முழம் என்றா என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். நான் பதினொன்று என்று மட்டும் எழுதினேன்.

நடுவில் காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது. பேப்பர் திருத்தி முடித்து, இரண்டாவது முறை போனது புரட்டாசிக் கடைசியில். இந்த முறை மருந்தோடு. அதே மைல்கல், அதே ரோடு, அதே ஒரு லிட்டர். வெயில் இருந்தது, ஓர் இலை அசையவில்லை. கார் சின்னாளப்பட்டி விலக்கைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பதின்மூன்றும் கொஞ்சமும். நான் அதை நோட்டில் எழுதி, முந்தையதைக் கழித்து, கீழே இரண்டு கோடு போட்டேன். பிள்ளைகள் சரியான விடைக்குப் போடுகிற இரண்டு கோடு.

அடுத்த வாரமே தம்பியை அவர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான். தம்பி நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. அவனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. ஏற்றத்தில் வண்டி இழுக்குமா என்று கேட்டான். நன்றாக இழுக்கும் அப்பு என்றார் சார். பாட்டிலைத் துடைத்து, மறுபடி துடைத்து, அவன் கையில் கொடுத்தார். மூடியில் கோடு போட்டுக் காட்டினார். தீயில் இருந்து தள்ளி வைக்க வேண்டும், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது, சட்டையில் பட்டால் உடனே கழற்றிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அது அவருக்கு ஒரு விஷயமாகவே தோன்றியிருக்காது.

மாதம் ஒன்று போயிருக்கும். தம்பி வீட்டுக்கு வந்தபோது மருந்தைப் பற்றி விசாரித்தேன். லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடத் தருகிறது என்றான். நான் மறுநாள் காலையில் காரில் ஏறியதும் அதைச் சாரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து, இறங்கி, கதவைப் பட்டென்று அடித்துச் சாத்தினார். அவருக்கே தூக்கிவாரிப் போட்டுவிட்டது. கதவிடம் மன்னிப்புக் கேட்பது போல அதைத் தடவிக்கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கோடை சீசன் தொடங்கிய சித்திரையில், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது தம்பியின் கார் தீப்பிடித்தது. உள்ளே ஒரு குடும்பம் இருந்தது. அவர்களை எல்லாம் இறக்கிவிட்டான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். கார் அவனுடைய பிழைப்பு. மண்ணை அள்ளிப் போட்டு அணைத்துவிடலாம் என்று பானெட்டைத் தூக்கினான். காற்றுப் பட்டதும் தீ எழும்பி இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டது. இடது கை பிழைத்தது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்பக்கம் வளைந்து, அப்படியே நின்றுவிட்டன.

எரிந்த காரைப் பார்த்த மெக்கானிக், டாங்கிப் பக்கம் எரியாமல் மிச்சம் இருந்த ரப்பர் டியூப்பை அறுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி இருந்தது அது. நகத்தால் கிள்ளினால் கையோடு வந்தது. பெட்ரோலில் தின்னர் மாதிரி ஏதோ கலந்து ஓட்டியிருக்கிறான், அது ரப்பரைத் தின்றுவிட்டது, டியூப் பிளந்து பெட்ரோல் சூட்டு இன்ஜின் மேல் ஒழுகியிருக்கிறது என்றார். எவன் சொன்ன யோசனை இது என்று கேட்டார்.

சார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அன்று காரை எடுக்காமல் பஸ்ஸில் வந்திருந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுக்காமல், தூக்கி வைத்து உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"பெட்ரோல் டியூப் எப்ப மாத்துன அப்பு?"

"அது கார் வாங்குறப்ப இருந்ததுதான் சார். அதையெல்லாம் மாத்தணுமா?"

சார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமையில், காரின் ரப்பர் டியூப்களை எல்லாம் புதுசாக மாற்றுவார். நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பல் விளக்குவது மாதிரி அதை அவர் செய்துவந்தார். பல் விளக்க வேண்டும் என்று வளர்ந்த ஆளுக்கு எவராவது சொல்வார்களா. அதனால் சொல்லவில்லை. எட்டு வருடமாக மருந்து ரப்பரைத் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. அவருடைய கவனம் அதை அவருக்கே தெரியாமல் மறைத்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டார். ஒன்றரை கூடத் தருகிறது என்றாயே, எப்படி அளந்தாய் என்றார். தம்பி என்னைப் பார்த்தான்.

"அளக்கல சார். அக்கா ரெண்டு வரும்னு சொல்லுச்சு. ஒன்னரையாச்சும் வந்திருக்கும்னு சொல்லிட்டேன்."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும், சார் சுவரைப் பார்த்தபடி, மருந்து தப்புப் பண்ணவில்லை டீச்சர், டியூப்தான் என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று இப்போது யோசிக்கிறேன். அன்று எனக்கு அந்த யோசனை வரவில்லை. உள்ளே ஒருவன் கை வெந்து கிடக்கிறான், இந்த மனுஷனுக்கு மருந்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த மருந்தை அவர் கண்ணெதிரே பொய்யாக்கிக் காட்டாமல் விடுவதில்லை என்று அந்த வராந்தாவிலேயே முடிவுசெய்தேன்.

வைகாசியில், பள்ளி திறக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மறுபடி அந்த மைல்கல்லுக்குப் போனோம். இந்த முறை ஏற்பாடு என்னுடையது. ஒரே மாதிரி இரண்டு கேன். ஒன்றில் மருந்து கலந்த பெட்ரோல், இன்னொன்றில் வெறும் பெட்ரோல். எதில் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்று அந்துருண்டைகளைத் துணியில் முடிந்து கார் முழுக்கப் போட்டேன். இப்படிச் செய்யலாமா என்று கேட்டபோது அவர் மறுப்பார், ஏதாவது காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். செய்வோம் டீச்சர், இப்படித்தான் செய்திருக்கணும் என்றார்.

முதல் கேன் தீர்ந்து கார் சின்னாளப்பட்டி விலக்கு தாண்டி நின்றது. டாங்கிப் பெட்ரோலில் திரும்பி வந்து, இரண்டாவது கேனை மாட்டிப் போனோம். அதுவும் விலக்கைத் தாண்டி ஓடி, முதல் கேன் நின்ற இடத்தையும் கடந்து, இருபது முப்பது அடி தள்ளி நின்றது. இரண்டும் பதின்மூன்று.

"இப்ப ஓடுனது வெறும் பெட்ரோல் சார்" என்றேன்.

அவர் இறங்கினார். முதல் கேன் நின்ற இடம்வரை நடந்து போனார், திரும்பி வந்தார். ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அப்ப, முத தடவ ஏன் டீச்சர் பதினொன்னுல நின்னுச்சு?"

அவர் கேட்ட அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று கார் பதினொன்றில் நின்றதற்கு மருந்தில்லாதது காரணமில்லை. ஆடிக்காற்று நிறுத்தியது. எழுதிக்கங்க என்று அவர் சொன்னார், நான் எழுதவில்லை. எழுதியிருந்தால், காற்றில்லாத நாளில் இன்னொரு தடவை வெறும் பெட்ரோலில் ஓட்டிப் பார்த்திருப்போம். என் நோட்டில் அந்த இரண்டு கோடு விழுந்திருக்காது. தம்பி அந்தப் பாட்டிலைத் தொட்டிருக்க மாட்டான்.

"தெரியல சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து செத்த நேரம் என்னைப் பார்த்தார். சரி டீச்சர் என்றார். நான் அதோடு நிறுத்தவில்லை. தப்பு செய்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார்கள். மருந்தெல்லாம் ஒன்றுமே இல்லை, இத்தனை வருடமும் உங்கள் கால் மெதுவாக மிதித்ததால் கார் அவ்வளவு தூரம் ஓடியது, அது தெரியாமல் ஊரான் பிள்ளைக்கு விஷத்தைக் கொடுத்தீர்கள் என்று சொன்னேன். ஒரு மனுஷனின் காலுக்கு அவ்வளவு பெரிய பாராட்டை அவ்வளவு கொடுமையாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

பள்ளி திறந்தபோது அவர் பஸ்ஸில் வந்தார். காரை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அவர் சட்டையில் இருந்து அந்த வாசம் போய்விட்டது. கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் மேலும் பட்டுவிடாமல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்பார். நான் முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஓய்வு பெறும்வரை எங்களுக்குள் பள்ளிக்கூட விஷயம் தவிர வேறு பேச்சு கிடையாது. எங்கள் இருவருக்கும் ஒரே கோவில்தான். பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்புவார்கள். அவர் இருக்கும் பக்கம் நான் திரும்ப மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் கொடைரோட்டுக்குப் பஸ் ஏறிப் போவார் என்பது எனக்குத் தெரியும். தம்பி அதே ஸ்டாண்டில், ரயிலில் வருகிறவர்களைக் கூவிக் கூவி மற்றவர்கள் வண்டிக்குப் பிடித்துக்கொடுக்கும் வேலையில் இருந்தான். அவனை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, விளக்கெண்ணெயைச் சூடுபண்ணி, அந்த வளைந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவாராம். ஒரு மணி நேரம் ஆகுமாம். ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சிகளைத் தம்பி ஒரு வாரம்கூடச் செய்யவில்லை, எனக்கும் அவனை உட்காரவைத்துச் செய்யவைக்கப் பொறுமை இருந்ததில்லை. சார் வருடக்கணக்காகப் போனார். கட்டை விரல் முதலில் பிரிந்தது. பிறகு ஆள்காட்டி விரல் கொஞ்சம் நிமிர்ந்தது. கடைசியில் தம்பி வலது கையால் டீ டம்ளரைப் பிடித்தான். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற அளவுக்கு அது வரவே இல்லை. பாவத்தைக் கழுவுகிறார் என்று நான் வீட்டில் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது.

அவர் இறந்தபோது, அந்த வைகாசி கழிந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார். பக்கத்தில் படுத்திருந்த அவர் மனைவிக்கே காலையில்தான் தெரிந்தது என்றார்கள். அதிலும் சத்தம் இல்லை. அடக்கத்துக்குப் பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். தம்பி வலது கையால்தான் போடுவேன் என்று நின்றான். அந்தக் கையில் மண் தங்கவில்லை, விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை அள்ளினான். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது அவனைக் கொடைரோட்டுக்குப் பஸ் ஏற்றிவிடப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இரண்டு பேரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் கையைத் தொடையில் வைத்து, தானாகவே விரல்களை நீவிக்கொண்டிருந்தான். சார் சொல்லிக்கொடுத்த பழக்கம். அப்போதுதான் கேட்டான்.

"முத நாள் அளந்தப்ப காத்து அடிச்சுச்சாமேக்கா?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"சார்தான். எண்ணெ போட வந்த முத நாளே சொல்லிட்டாரு. அக்காட்ட கேக்காதப்புன்னாரு. அது கணக்கு டீச்சரு, தப்பு எங்க இருக்குன்னு அதுக்கே தெரியும், தெரிஞ்சவங்கள நாம கேட்டா ஒடஞ்சு போயிருவாங்க, இது என் பேர்லயே இருக்கட்டும்னாரு."

ஸ்டாண்டில் பஸ்கள் வருவதும் போவதுமாக இருந்தன. சின்னாளப்பட்டி, செம்பட்டி, வத்தலக்குண்டு என்று கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோவம் இல்லக்கா" என்றான். "நான் கேக்கல. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறான். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வந்து, என் கையால் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, நான் சாரை ஏசுவதைத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"எழுதச் சொன்னாருடா. நான்தான் எழுதல" என்றேன்.

அதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.